கப்பல் நேரம்

நோர்ட்பி, ஃபானோ தீவு, டென்மார்க்
10 மார்ச் 1996

அன்புள்ள எஸ்பென்,

அம்மா எழுதுகிறேன். இங்கே இருவரும் சுகம். என் முழங்கால் மட்டும் தனிக்குடித்தனம் போய்விட்டது, நான் சொல்வதைக் கேட்பதில்லை. குழந்தை ஃபோட்டினிக்கு இருமல் என்று எழுதியிருந்தாயே, விட்டதா? அரெத்தி நன்றாக இருக்கிறாளா?

உன் அப்பா ஃபெரியை விட்டு இறங்கி இரண்டு மாதம் ஆகிறது. முப்பத்தைந்து வருஷமாகத் தீவுக்கும் எஸ்பியர் கரைக்கும் நடுவே போய்க்கொண்டிருந்தவர், இப்போது சமையலறைக்கும் கூடத்துக்கும் நடுவே போய்க்கொண்டிருக்கிறார். காபி கொஞ்சம் தாமதமானால் முறைக்கிறார். ஓடி வருகிற பயணிக்காக ஒருநாளும் கயிற்றைப் பிடித்து வைக்காத மனுஷன், காபிக்காகவா காத்திருப்பார்?

எங்களுக்குக் கல்யாணமாகி நாற்பது வருஷம் என்று உன் அக்கா விபேக்காவும் மாப்பிள்ளையும் ஒரு பயணம் எடுத்துக் கொடுக்கிறார்கள். ஜூனில் வெனிஸில் ஏறி ஒரு வாரம் உல்லாசக் கப்பல். எந்தக் கப்பல் என்று தேர்ந்தெடுக்கும் வேலையை என்னிடம் விட்டார்கள். நான் எதைத் தேர்ந்தெடுத்தேன் என்று உனக்கு இதற்குள் தெரிந்திருக்கும். ஜூன் 12, புதன்கிழமை, பகல் முழுக்க அது உங்கள் அர்கோஸ்தோலியில் நிற்கிறது.

அப்பாவிடம் வரைபடத்தைக் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கப்பல் போகும் வழியில் விரலை ஓட்டினார். உங்கள் ஊரில் விரல் நின்றது. பிறகு, "சாப்பாடு எப்படியாம்?" என்று கேட்டார். அவ்வளவுதான். வேண்டாம் என்றும் சொல்லவில்லை, உன் பேரையும் சொல்லவில்லை.

அவர் கப்பலை விட்டு இறங்க மாட்டார். நான் மட்டும் வருகிறேன். பதினோரு வருஷத்தில் உன்னை ஒரே ஒரு தடவைதான் பார்த்தேன், அதுவும் வாசல்படியில் நிற்க வைத்து. இந்தத் தடவை ஒரு மேசையில் உட்கார்ந்து பார்க்க வேண்டும். எங்கே, எத்தனை மணிக்கு என்று எழுது. வழக்கம்போல விபேக்கா வீட்டு விலாசத்துக்கே அனுப்பு.

நம் ஜன்னல் பீங்கான் நாய்களை நீ மறந்திருக்க மாட்டாய். வீட்டு ஆண் கடலில் இருந்தால் வெளியே பார்க்கும், திரும்பி வந்தால் உள்ளே பார்க்கும். அப்பா ஓய்வு பெற்ற அன்று ஒன்றை உள்ளே திருப்பினேன். மற்றது உன்னுடையது, வெளியேதான் பார்த்துக்கொண்டிருக்கிறது. அவர் அதை எடுத்துத் தூசி துடைத்துவிட்டு, மறுபடி வெளியே பார்க்கவே வைக்கிறார். நான் கவனிக்காதது போல இருந்துவிடுகிறேன்.

குழந்தைக்கு என் முத்தம்.

உன் அம்மா
கிர்ஸ்டன்


அர்கோஸ்தோலி, கெஃபலோனியா
21 ஏப்ரல் 1996

அன்புள்ள அம்மாவுக்கு,

எங்கள் மூவருக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை. ஃபோட்டினிக்கு இருமல் நின்று வாய் அதிகமாகிவிட்டது. உங்கள் முழங்காலுக்கு ஆலிவ் எண்ணெய் தேய்க்கச் சொல்கிறாள் அரெத்தி. இந்த ஊரில் தலைவலியிலிருந்து கடன் தொல்லை வரை எல்லாவற்றுக்கும் அதுதான் மருந்து.

பதில் தாமதமானதற்கு ஈஸ்டர் கூட்டம் ஒரு காரணம். எழுதி எழுதிக் கிழித்துப் போட்டது இன்னொரு காரணம்.

வாருங்கள். கப்பல் நிற்கும் இடத்திலிருந்து கடலோரமாகவே நடந்தால் மீன் சந்தை. அதற்கு எதிரே நீல நிழல்துணி கட்டிய காபிக் கடை. பதினோரு மணிக்கு அங்கே இருங்கள். அன்று மத்தியானம் எனக்கு வேலை இருக்கிறது, மாற்று ஆள் கிடைக்கவில்லை. பன்னிரண்டு வரை உங்களோடு உட்கார்ந்திருப்பேன். பிறகு அரெத்தி உங்களை வீட்டுக்குக் கூட்டிப் போய்ச் சாப்பாடு போடுவாள். மீன்காரர்கள் வீசும் குடலுக்காகக் கரையோரம் பெரிய ஆமைகள் வரும். ஃபோட்டினி அவற்றை உங்களுக்குப் பேர் சொல்லி அறிமுகம் செய்து வைக்கப் போகிறாளாம்.

அவர் வருவாரா என்று நான் கேட்கவில்லை. வந்தால் வரட்டும். ஆனால் நீங்கள் இழுத்து வர வேண்டாம். அவர் வாங்கிக் கொடுத்த ஃபெரி வேலையை விட்டுவிட்டு ஒரு பெண்ணுக்காக இங்கே வந்தேன் என்பதுதானே என் குற்றம். அன்று அரெத்தியோடு நம் வாசலில் நின்றபோது அவர் என்னைப் பார்த்தார். பிறகு சுவரில் மாட்டியிருந்த கடல் ஏற்ற இறக்க அட்டவணையைப் பார்த்தார். தொப்பியை எடுத்துக்கொண்டு பின்வாசல் வழியாகப் போய்விட்டார். அந்த முதுகை இன்னொரு தடவை பார்க்க எனக்குத் தெம்பில்லை.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள்
எஸ்பென்


நோர்ட்பி
19 மே 1996

அன்புள்ள எஸ்பென்,

சுகம். நீங்களும் அப்படியே இருக்க வேண்டும். எண்ணெய் தேய்த்தேன். முழங்கால் அப்படியேதான் இருக்கிறது, மெத்தை விரிப்புதான் பாழ்.

பதினோரு மணி. நீல நிழல்துணி. மனப்பாடமாகிவிட்டது. கறுப்பு ரொட்டி இரண்டு, உப்பு மிட்டாய் ஒரு பை, நீ விரும்பும் உலர்ந்த தட்டை மீன், எல்லாம் பெட்டியில் இருக்கிறது. மீன் வாசனையில் கப்பல்காரர்கள் என்னை இறக்கிவிடாமல் இருந்தால் சரி.

உன் அப்பா நேற்று தன் நீலக் கோட்டை எடுத்து, விழுந்துபோன பித்தளைப் பொத்தானைத் தானே தைத்துக்கொண்டிருந்தார். விரலில் இரண்டு இடத்தில் குத்திக்கொண்டார். "எதுக்கு இப்ப இது? நீங்கதான் கப்பலவிட்டு இறங்கவே மாட்டேன்னீங்களே" என்றேன். "கப்பல்ல போறவன் ஒழுங்கா உடுத்தணும். உனக்கு என்ன தெரியும்?" என்றார். எனக்கு என்ன தெரியும், சொல்.

வெயிலில் நின்று காத்திருக்காதே. நிழலில் உட்கார்.

உன் அம்மா


கடலில், கப்பலிலிருந்து
13 ஜூன் 1996

அன்புள்ள எஸ்பென்,

நாங்கள் இருவரும் சௌக்கியம். நீங்கள் மூவரும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

உன் ஊர் அழகாக இருக்கிறது. நீல நிழல்துணிக் கடையில் பதினோரு மணிக்குப் போய் உட்கார்ந்தேன். உட்கார்ந்ததும் இரண்டு காபி சொன்னேன், அதற்கப்புறம் இன்னும் இரண்டு. உனக்கு வேலை வந்திருக்கும். எனக்குப் புரிகிறது, நீ ஒன்றும் நினைத்துக்கொள்ளாதே. ஆமைகளைப் பார்த்தேன். பேர் சொல்லத்தான் ஆளில்லை. கறுப்பு ரொட்டியை அவற்றுக்கே பிய்த்துப் போட்டேன். ஒன்றும் தொடவில்லை.

இந்தக் கப்பலில் சாப்பாடு அதிகம். எல்லோரும் எப்போதும் சாப்பிட்டுக்கொண்டே இருக்கிறார்கள். இனி எழுத ஒன்றுமில்லை.

அம்மா


அர்கோஸ்தோலி
28 ஜூலை 1996

அக்கா,

நீயும் மச்சானும் நலம்தானே? நாங்கள் இருக்கிறோம்.

அம்மாவுக்கு இன்னும் பதில் எழுதவில்லை. என்ன எழுதுவதென்று தெரியவில்லை, அதனால் உனக்கு எழுதுகிறேன். உண்மையைச் சொல். அன்று அவர்கள் கப்பலை விட்டு இறங்கினார்களா?

நான் பத்தரைக்கே அந்தக் கடையில் இருந்தேன். அரெத்தி பெரிய நாளுக்குக் கட்டும் உடையில் வந்திருந்தாள். குழந்தைக்குப் புது வெள்ளைச் செருப்பு. கப்பல் எதிரிலேயே நின்றது, ஏழு மாடி வீடு மாதிரி. சட்டையில் எண் ஒட்டிய கூட்டம் கூட்டமாக ஆட்கள் வந்தார்கள். ஒவ்வொரு வெள்ளைத் தலைக்கும் நான் எழுந்து நின்றேன். பன்னிரண்டு மணி அடித்தது. அரெத்தி, "நீங்க வேலைக்குப் போங்க, நாங்க இன்னும் கொஞ்ச நேரம் உட்கார்றோம்" என்றாள். நான்தான், "வேண்டாம், எந்திரி, போதும்" என்று கூட்டிக்கொண்டு வந்துவிட்டேன். யாரும் வரவில்லை அக்கா.

அம்மா எழுதுகிறார்கள், பதினோரு மணிக்குப் போய் உட்கார்ந்தேன், நாலு காபி குடித்தேன் என்று. பதினோரு மணிக்கு அந்தக் கடையில் நான் இருந்தேன். அம்மா என்னிடம் பொய் சொன்னதே கிடையாது. அவர் விட்டிருக்க மாட்டார், அம்மா அதை மூடி மறைக்கிறார்கள். இந்த வயதில் அவர்களுக்குப் பொய்யும் கற்றுக் கொடுத்துவிட்டார்.

போய்க் கப்பல் படிக்குக் கீழே நின்றிருக்கலாமே என்று நீ கேட்பாய். ஒரு தடவை அவர் வாசலில் நின்றாகிவிட்டது.

இன்னொரு விஷயம் உனக்கு மட்டும் தெரியும், உன்னோடே இருக்கட்டும். அவர்கள் நினைப்பது போல நான் மாமனார் கடையில் இல்லை, இங்கிருந்து எதிர்க்கரை லிக்ஸூரிக்குப் போகும் ஃபெரியில் சுக்கான் பிடிக்கிறேன் என்று அவர்களிடம் சொல்லிவிடாதே. அவர் ஃபெரியை வேண்டாம் என்று உதறிவிட்டு வந்தவன், ஊர் மாறி வந்து அதே வேலையைச் செய்கிறான் என்று தெரிந்தால் சிரிப்பார். அன்று மத்தியானம் அவர்கள் கப்பலை ஒட்டித்தான் நான் படகைத் திருப்பிக்கொண்டு போனேன். தலையைத் தூக்கிப் பார்க்கவில்லை.

தம்பி
எஸ்பென்


எஸ்பியர்
6 அக்டோபர் 1996

எஸ்பென்,

இங்கே எல்லோரும் சுகம். உடனே எழுதாததற்கு ஆஸ்பத்திரியில் ராத்திரி முறை என்று காரணம் சொல்லலாம். நிஜக் காரணம், உனக்குச் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை.

அம்மாவிடம் கேட்டேன். "அன்னிக்கு நெஜமாவே எறங்கினீங்களா?" என்றேன். எழுந்து போய்க் கழுவின கோப்பைகளையே மறுபடி கழுவ ஆரம்பித்துவிட்டார்கள். அதற்கு மேல் கேட்க எனக்கு வாய் வரவில்லை. நீ அங்கே வந்து காத்திருந்ததை நான் சொல்லவில்லை. நீதான் எதையும் சொல்லாதே என்கிறாய். இந்தக் குடும்பத்தில் எல்லோரும் என்னிடம் ரகசியத்தைக் கொடுத்துவிட்டுப் போய்விடுகிறீர்கள், நான் என்ன அடகுக் கடையா?

அப்பாவிடம் ஒரு மாற்றம் தெரிகிறது. பேச்சு ரொம்பக் குறைந்துவிட்டது. போன ஞாயிற்றுக்கிழமை என்னைக் கொட்டகைக்குக் கூப்பிட்டு, "அந்தத் தீவுல வசந்த காலத்துல மழை பெய்யுமா?" என்று கேட்டார். "எந்தத் தீவு?" என்றேன், வேண்டுமென்றேதான். "உனக்குத் தெரியும்" என்றார். "நீங்களும் அம்மாவும் போகப் போறீங்களா?" என்றதற்கு, "நான் மட்டும். அம்மாகிட்ட இப்ப எதுவும் சொல்லாதே. கடிதத்துல சொல்ற விஷயமில்ல" என்றார். என்ன விஷயம் என்று சொல்லவில்லை. நீயே அம்மாவுக்கு எழுது, கோபமாகவாவது எழுது. நீயும் அப்பாவும் மாலுமிகள், எதிரும் புதிருமாக வருகிறீர்கள், யாரும் சுக்கானைத் திருப்ப மாட்டேன் என்கிறீர்கள்.

அரெத்திக்கு என் அன்பு.

விபேக்கா


நோர்ட்பி
8 டிசம்பர் 1996

அன்புள்ள எஸ்பென்,

உடம்பு எப்படி இருக்கிறது என்று என்னைக் கேட்டால், இருக்கிறது. நீங்கள் நலமாக இருங்கள்.

தந்தி கிடைத்திருக்கும். அப்பா போய் மூன்று வாரம் ஆகிறது. காலையில் முதல் ஃபெரி கிளம்புவதைப் பார்க்கத் துறைக்குப் போனவர், பெஞ்சில் உட்கார்ந்தபடியே போய்விட்டார். தூங்குகிறார் என்று நினைத்திருக்கிறார்கள். ஃபெரி நேரத்துக்குக் கிளம்பிவிட்டது. அவருக்கு அது பிடித்திருக்கும். நீ வரவில்லை. அதை நான் குறையாகச் சொல்லவில்லை. ஜன்னல் நாய்கள் இரண்டையும் வெளியே பார்க்கத் திருப்பி வைத்துவிட்டேன்.

ஒன்றைச் சொல்லக் கூடாது என்று அவர் என்னைக் கட்டிப் போட்டிருந்தார். கட்டியவரே போய்விட்டார், இனி எதற்கு. அன்று உன் ஊரில் அவரும் என்னோடு வந்தார்.

பத்தரைக்கே நான் பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன். பழைய செய்தித்தாளோடு படுத்திருந்தவர், "இரு" என்றார். எழுந்து, ஏற்கெனவே மழித்த முகத்தை இன்னொரு தடவை மழித்தார். நீலக் கோட்டைப் போட்டுக்கொண்டார். "நீங்க எதுக்கு?" என்றால், "பை கனமா இருக்கும்" என்றார். படியில் இறங்கும்போது கப்பல் போட்டோக்காரன் மிதவை வளையத்தைக் கையில் கொடுத்து நிறுத்தினான். அந்தப் போட்டோக்காரனைப் பயணம் முழுக்கத் திட்டிக்கொண்டே வந்தவர், அன்று மட்டும் நேராக நின்றார்.

கடையில் உட்கார்ந்தோம். ஒவ்வொரு ஆள் வரும்போதும் தொப்பியை எடுத்தார், மறுபடி வைத்தார். உனக்கு என்ன சொல்வது என்று உதட்டுக்குள் பழகிக்கொண்டே இருந்தார், எனக்குக் கேட்கவில்லை. ஒரு சின்ன ஃபெரி எங்கள் கப்பலை ஒட்டிப் பின்வாங்கித் திரும்பிப் போயிற்று. அதையே பார்த்தார். "சுக்கான் பிடிக்கிறவன் தொழில் தெரிஞ்சவன். இவ்வளவு குறுகின எடத்துல எப்படித் திருப்பறான் பாரு. யார்கிட்ட கத்துக்கிட்டானோ" என்றார். அன்று அவர் பேசிய நீண்ட பேச்சு அதுதான்.

வாழ்நாளில் யாருக்காகவும் காத்திராத மனுஷன் மூன்று மணி வரை காத்திருந்தார் எஸ்பென். பிறகு எழுந்து, "அவன் வரல. நானா இருந்தாலும் வந்திருக்க மாட்டேன்" என்றார். கப்பலுக்குத் திரும்பும் வழியில், "நான் வந்தேன்னு அவனுக்கு எழுதாதே. வராம போனது பின்னால அவனுக்கு உறுத்தும்" என்றார்.

மறுநாள் சாப்பாட்டுக் கூடத்துக்கு வெளியே போட்டோக்களை மாட்டியிருந்தார்கள். எங்கள் போட்டோவுக்கு முன்னால் போய் நின்றவர் நகரவே இல்லை. முகம் வெளுத்துப் போயிற்று. பகல்கொள்ளை என்று திட்டிய விலையைக் கேட்காமலே கொடுத்து வாங்கிக் கோட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டார். பெஞ்சில் உட்கார்ந்து போன அன்றும் அது அந்தப் பையில்தான் இருந்தது. உன்னிடம் அவருடைய புதுப் படம் ஒன்றும் இருக்காது. அனுப்பியிருக்கிறேன். நன்றாகத்தான் விழுந்திருக்கிறார்.

உன் அம்மா


அர்கோஸ்தோலி
5 ஜனவரி 1997

அக்கா,

நலமா என்று கேட்டு எழுதும் நிலையில் நான் இல்லை, மன்னித்துவிடு.

அம்மா ஒரு போட்டோ அனுப்பியிருக்கிறார்கள். கப்பல் படியில் இருவரும் நிற்கிறார்கள், அப்பா கையில் அந்த அசட்டு வளையம். அவர்கள் தலைக்கு மேலே, பின்னால், எங்கள் துறைமுக அலுவலகக் கடிகாரம் தெரிகிறது. தினமும் நான் பார்க்கும் கடிகாரம். மணி பன்னிரண்டைக் கொஞ்சம் தாண்டியிருக்கிறது.

அது கப்பல் நேரத்தில் பதினொன்று. வெனிஸில் கிளம்பும் கப்பல்கள் ஒரு நாள் நிற்கும் எங்கள் ஊருக்காகத் தங்கள் கடிகாரத்தை மாற்றுவதில்லை. டென்மார்க்கில் என்ன மணியோ அதுவே கப்பலிலும். எங்கள் மணி ஒன்று கூடுதல். ஃபெரி ஓட்டுகிற எனக்கு இது தெரியாதா? ஒரு வரி எழுதியிருக்கலாம். எழுதத் தோன்றவில்லை. பன்னிரண்டு அடித்ததும் நான் அரெத்தியைக் கிளப்பினேன், அவர்கள் அப்போதுதான் படியில் நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். அவள் உட்கார்கிறேன் என்றாளே. விட்டிருந்தால் ஃபோட்டினி அவர் மடியில் ஏறி உட்கார்ந்திருப்பாள்.

நான் படகைத் திருப்பியதை அவர் அந்தக் கடையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். தொழில் தெரிந்தவன் என்றாராம். பதினைந்து வயதில் அவர் பக்கத்தில் நின்று சுக்கானைத் தொட்ட நாளிலிருந்து அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் காத்திருந்தேன். ஒருநாளும் சொன்னதில்லை. யாரோ ஒருவன் என்று நினைத்துச் சொல்லியிருக்கிறார்.

தந்தி சரியான நேரத்துக்கே வந்தது அக்கா. கிளம்பியிருந்தால் அடக்கத்துக்கு வந்திருப்பேன். சட்டைப் பையில் வைத்துக்கொண்டு எதிர்க்கரைக்குப் போய் வந்துகொண்டிருந்தேன். எங்களைப் பார்க்க இறங்காத மனுஷனுக்காக நான் எதற்கு, என்று.

அம்மாவுக்குக் கடிகார விஷயம் தெரியக் கூடாது. பதினோரு மணி என்று சொல்லிக் கூட்டி வந்தது அவர்கள். தெரிந்தால் மிச்ச நாளெல்லாம் தன்னையே தின்றுகொண்டிருப்பார்கள். நான் வரவில்லை என்றே இருக்கட்டும். அந்தப் பழியை நான் சுமந்துகொள்கிறேன்.

எஸ்பென்


அர்கோஸ்தோலி
6 ஜனவரி 1997

அன்புள்ள அம்மாவுக்கு,

நாங்கள் நலம். உங்களைத் தனியாக விட்டுவிட்டு நலம் என்று எழுத வெட்கமாக இருக்கிறது.

படம் வந்தது. அரெத்தி அதைச் சாமி படத்துக்குப் பக்கத்தில் வைத்துவிட்டாள். அப்பா நன்றாகத்தான் விழுந்திருக்கிறார்.

அன்று நான் வராததற்கு வேலை காரணமில்லை. பயமாக இருந்தது. வீட்டிலேயே உட்கார்ந்துவிட்டேன். தப்பு என்னுடையது, என்னுடையது மட்டும்தான். நீங்கள் சரியான நேரத்துக்கு வந்து காத்திருந்தீர்கள்.

மே மாதம் இங்கே வாருங்கள். மழை நின்றிருக்கும். விமானத்தில் வந்தால் முழங்காலுக்கு நல்லது. ஃபோட்டினி ஆமைகளிடம் சொல்லி வைத்திருக்கிறாள்.

உங்கள்
எஸ்பென்


நோர்ட்பி
8 ஜூன் 1997

அன்புள்ள எஸ்பென்,

பத்திரமாக வந்து சேர்ந்தேன். அரெத்தி கொடுத்த எண்ணெய்ப் புட்டி உடையவில்லை. முழங்கால் உங்கள் ஊர் வெயிலை நினைத்து ஏங்குகிறது. நீங்கள் மூவரும் சுகமாக இருங்கள். ஃபோட்டினியின் குரல் இன்னும் காதிலேயே இருக்கிறது.

இரண்டு வாரம் உன் மேசையில் உட்கார்ந்து சாப்பிட்டேன். அன்றைய நாளைப் பற்றி ஒரு வார்த்தை நான் பேசவில்லை, நீயும் பேசவில்லை. நேரில் ஆரம்பித்திருந்தால் அழுகையில் முடிந்திருக்கும், அரெத்தி பயந்திருப்பாள். அதனால் எழுதுகிறேன்.

விமானம் இறங்கும் முன், கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளி வைக்கச் சொன்னார்கள். திருகைப் பிடித்தேன். கை அப்படியே நின்றுவிட்டது. அன்று கப்பல் அறையிலும் இதே திருகைத்தான் பிடித்தேன் எஸ்பென். ஒலிபெருக்கி மூன்று பாஷையில் என்னவோ சொல்லிற்று, எனக்குப் பாதிதான் புரிந்தது. "கடிகாரத்தை மாத்தணும்போல இருக்கே" என்றேன். உன் அப்பா செய்தித்தாளிலிருந்து தலையைத் தூக்காமலே, "கப்பல்ல இருக்கிற வரைக்கும் கப்பல் நேரம்தான். கடிகாரத்தத் தொடாதே" என்றார். நாற்பது வருஷம் மாலுமியின் பெண்டாட்டி. தொடவில்லை. அத்தோடு மறந்தும் போனேன்.

நீ விமான நிலையத்தில் கை காட்டிக்கொண்டு நின்றாய். உன்னைக் கட்டிக்கொண்டபோது எனக்கு எல்லாம் தெரிந்திருந்தது. பன்னிரண்டுக்கு மேல் காட்டும் கடிகாரத்தை உன் வீட்டுப் படத்திலும் பார்த்தேன். அந்தப் போட்டோவுக்கு முன்னால் அவர் ஏன் வெளுத்துப் போனார் என்றும், ஏன் விலை கேட்காமல் வாங்கினார் என்றும் அப்போதுதான் விளங்கிற்று. வந்ததும் விபேக்காவைப் பிடித்து உலுக்கினேன். அடகு வைத்த எல்லாவற்றையும் கொடுத்துவிட்டாள். நீ பயந்து வீட்டில் உட்கார்ந்திருந்தாயா? வெள்ளைச் செருப்பு வாங்கிக் கொடுத்துக் குழந்தையைக் கூட்டி வந்தவன் பயந்தவனா?

அவரும் என் மேல் பழி வரக் கூடாது என்று வாயை மூடிக்கொண்டார், நீயும் அதற்காகவே பொய் சொன்னாய். அப்பனும் பிள்ளையும் பேசிக்கொண்டதே இல்லை, ஆனால் ஒரே மாதிரி பொய் சொல்லத் தெரிந்திருக்கிறது. நான் அவ்வளவு நொய்ந்தவள் இல்லை. தப்பு அவருடையது, அவருக்கே அது தெரியும். அதை உன்னிடம் நேரில் சொல்லத்தான் வசந்த காலத்தில் மழை பெய்யுமா என்று விசாரித்திருக்கிறார். ஒரு வரி எழுதியிருந்தால் போதும், அந்த மனுஷனுக்கு அது வரவில்லை. கேட்காமல் இருந்ததற்கு எனக்கும் பங்கு உண்டு, உனக்கும் உண்டு. மூன்று பேருக்கும் பிரித்துக்கொள்வோம்.

கடைசியாக ஒன்று. நீ என்னை உன் ஃபெரிக்குக் கூட்டிப் போனாயே, மாமனார் கடையில் இல்லை, இங்கேதான் வேலை என்று தலையைக் குனிந்துகொண்டு சொன்னாயே. கிளம்பும்போது நீ அதைப் பின்வாங்கித் திருப்பினாய். நான் பெஞ்சில் சரிந்து உட்கார்ந்தேன். முழங்கால் என்று சொன்னேன். முழங்கால் இல்லை. அன்று காபிக் கடையிலிருந்து நாங்கள் பார்த்த அதே திருப்பம் அது.

கடிகார விஷயம் தெரிந்து அவர் ஐந்து மாதம் இருந்தார். நீ வந்து காத்திருந்திருப்பாய் என்று கணக்குப் போட்டிருப்பார். அந்த மட்டும் எனக்கு ஆறுதல். ஆனால் சுக்கான் பிடித்தது நீ என்று தெரியாமலே போய்விட்டார். அதை நினைத்தால்தான் எனக்குத் தாங்கவில்லை.

நேற்றுக் காலை துறைக்குப் போய் அவர் உட்கார்ந்த பெஞ்சில் உட்கார்ந்தேன். வாய்விட்டே சொன்னேன், "யார்கிட்ட கத்துக்கிட்டானோன்னு கேட்டீங்களே, உங்ககிட்டதான்." டிக்கெட் கிழிக்கிற பெண் திரும்பிப் பார்த்தாள். நான் இன்னொரு தடவை சொல்வதற்குள் ஃபெரி கிளம்பிவிட்டது.

உன் அம்மா
கிர்ஸ்டன்